நாலு எழுத்துக்குள் நான் இருக்கிறேனா?

கேள்வி:

அன்புள்ள மேடம்,

எனக்கு 37 வயது. தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக வேலை பார்க்கிறேன். கணவர், 10 வயது மகன், மாமியார், நான் என்று நான்கு பேர் கொண்ட குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் வங்கியில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பர்சனாலிட்டி டெஸ்ட் ஒன்று வைத்தார்கள். எனக்கு 'ஐஎஸ்எஃப்ஜே' என்று வந்தது. அமைதியானவர், பொறுப்பானவர், கூட்டத்தில் இருந்தால் களைத்துப்போகிறவர் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து 'உம்மணாமூஞ்சி', 'வாயில் என்ன கொழுக்கட்டையா' என்றே கேட்டு வளர்ந்தவள் நான். ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் பேசும்போது பாதியில் மறந்துபோய் நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மைக்கைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுவேன். என்னிடம் குறை எதுவும் இல்லை, நான் இன்ட்ரோவர்ட், அவ்வளவுதான் என்று அந்தப் பயிற்சியில்தான் ஒரு நிம்மதி கிடைத்தது.

அதற்குப் பிறகு கூட்டங்களில் பேசச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுகிறேன். போன தை மாதம் நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு, 'எனக்குக் கூட்டம் ஒத்துக்காது' என்று சொல்லிப் போகவில்லை. குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை. 'எதற்கெடுத்தாலும் அந்த நாலு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாய்' என்கிறார் கணவர். ஆனால் அக்கா வீட்டுக்குப் போனால் விடிய விடியப் பேசுவேன். அதுவும் உண்மை.

இப்போது கிளை மேலாளர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். முடிவெடுக்க உதவுமே என்று போன வாரம் செல்போனில் இலவசத் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்தேன். 'இஎஸ்எஃப்ஜே' என்று வந்துவிட்டது. எக்ஸ்ட்ரோவர்ட்டாம்! இரண்டு நாள் தூக்கமில்லை. அப்படியானால் நான் யார்? பதவி உயர்வுக்குப் போகலாமா? என் மகனும் என்னைப் போலவே கூச்ச சுபாவம். அவனுக்கும் இந்தத் தேர்வை வைத்துப் பார்க்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கத்தைப் படித்துக் கண் கலங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். இத்தனை வருடம் வசவாகக் காதில் விழுந்த ஒன்றை ஒரு தாள் முதல் தடவையாக மரியாதையான சொற்களில் சொன்னது. அழுகை வராமல் என்ன செய்யும்? இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். எடுத்த எடுப்பில் 'இதெல்லாம் சரியில்லை' என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால், அந்தத் தாள் கொடுத்த நிம்மதியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும். உங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே அந்தத் தேர்வின் குறைகளைப் பேசப் போகிறேன். ஆனால் அமைதியாக இருப்பது ஒரு குற்றமில்லை என்று நீங்கள் கண்டுகொண்டீர்களே, அது உங்களுடையது. எந்தத் தேர்வு பொய்த்தாலும் அது பொய்க்காது.

சரி, எழுத்து மாறிய கதைக்கு வருவோம். பயிற்சியில் உங்களுக்கு வைத்தது எம்பிடிஐ எனப்படும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வாக இருக்கும். ஒவ்வொருவரையும் நாலு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வகையாகச் சொல்வது அது. உங்களுக்கு மாறியது முதல் எழுத்து மட்டும்.

நம் பள்ளிக்கூடங்களில் 35 எடுத்தால் பாஸ், 34 எடுத்தால் ஃபெயில். 34 எடுத்த பையனுக்கும் 36 எடுத்த பையனுக்கும் படிப்பில் என்ன பெரிய வித்தியாசம்? ஒன்றுமில்லை. 36க்கும் 95க்கும்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் 36ம் 95ம் ஒரே பக்கம், 34 மட்டும் வேறு பக்கம். உங்கள் தேர்வும் இப்படித்தான் வேலை செய்கிறது. தனிமையில் தெம்பு பெறுகிறவர் ஒரு முனை, கூட்டத்தில் தெம்பு பெறுகிறவர் மறுமுனை, இடையில் ஒரு நீளமான கோடு. அதை நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் விழுந்தால் 'ஐ' (இன்ட்ரோவர்ட்), அந்தப் பக்கம் விழுந்தால் 'இ' (எக்ஸ்ட்ரோவர்ட்) என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த முனையிலும் இந்த முனையிலும் இல்லை, நடுவை ஒட்டித்தான் இருக்கிறோம். நடுவில் இருப்பவருக்கு இரண்டு மூன்று பதில் மாறினாலே எழுத்து மாறிவிடும். ஐந்தே வாரம் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரைக்கும் வேறு வகைக்குள் போய்விடுகிறார்கள் என்று 1993இல் டேவிட் பிட்டெங்கர் என்ற உளவியலாளர் எடுத்துக்காட்டினார். நீங்கள் இரண்டு வருடம் கழித்து எழுதியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, செல்போனில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் பயிற்சியில் வைக்கும் தேர்வாக இருக்காது. அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு வேறு கேள்விகள் கேட்கும் தேர்வுகள் நிறைய இருக்கின்றன. அதனால் உங்களுக்குள் எதுவும் தலைகீழாகிவிடவில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் பிடிபடும். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் மனித வகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அகமுகம் (இன்ட்ரோவர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது அதிலிருந்துதான். அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்ற பெண்மணி அதைப் படித்து அதிலேயே மூழ்கிவிட்டார். பின்னால் அவருடைய மகள் இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸ் அதைக் கேள்வித்தாளாக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். இருவரும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் இல்லை. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். தனக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று அவர்கள் கண்டுகொள்ள உதவ வேண்டும் என்பது இஸபெலின் ஆசை. அந்தத் தாயையும் மகளையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதைக் குற்றமாகப் பார்க்காத மனசு அவர்களுக்கு இருந்தது. உங்களைக் கண் கலங்க வைத்ததும் அந்த மனசுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆசை நல்லதாக இருப்பதாலேயே அளவுகோல் சரியாகிவிடாது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தத் தேர்வை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். யுங்கும் கடைசிக் காலத்தில், 1957இல், ஒரு பேட்டியில் முழுக்க முழுக்க அகமுகமாகவோ புறமுகமாகவோ யாருமே கிடையாது, அப்படி ஒருவர் இருந்தால் மனநோய் விடுதியில்தான் இருப்பார் என்றார்.

'அப்படியென்றால் அது எப்படி என்னை அவ்வளவு சரியாகச் சொன்னது?' என்று கேட்பீர்கள்.

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட தாளில் முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லார் தாளிலும் ஒரே வரிகள்! பெரும்பாலான வரிகளைக் கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் நீங்கள் என்பது மாதிரியான வரிகள். யாருக்குத்தான் பொருந்தாது? வாரபலன் படிக்கும்போது நம் ராசிக்கு மட்டும் 'சரியாகச் சொல்லியிருக்கிறாரே' என்று தோன்றுகிறதே, அதேதான்.

இருந்தாலும் உங்கள் தாளை ராசிபலனோடு சேர்த்து ஒதுக்க மாட்டேன். ராசிபலன் நீங்கள் பிறந்த நேரத்தைப் பார்த்துச் சொல்வது. இது உங்கள் பதில்களைப் பார்த்துச் சொல்வது. நீங்கள் சொன்னதையே தொகுத்து, கொஞ்சம் அழகாக்கி, உங்களிடம் திருப்பிச் சொல்கிறது. அதனால் அதில் உண்மை இருக்கும். ஆனால் நீங்கள் சொல்லாத எதையும் அது கண்டுபிடித்துவிடாது. 'புதியவர்களோடு பேசுவது உங்களுக்கு எளிதா?' என்று ஒரு கேள்வி இருந்தால், பதில் போடுமுன் உங்கள் மனதில் ஒரு காட்சி ஓடும். மேலதிகாரிகள் நடுவில் பயிற்சி மண்டபத்தில் எழுதியபோது ஒரு காட்சி ஓடியிருக்கும். வீட்டில், எல்லாரும் தூங்கிய பிறகு, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியபோது வேறு காட்சி ஓடியிருக்கும். எழுத்து மாறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆளுமையை ஆராய்கிறவர்கள் இன்று பெரும்பாலும் வகை பிரிப்பதில்லை, அளவு பார்க்கிறார்கள். ஐந்து பண்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், வெளியே கலகலப்பு, பிறரோடு இணக்கம், எளிதில் கலங்கிவிடும் மனம். எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் புளி, உப்பு, காரம் உண்டு, அளவுதான் வீட்டுக்கு வீடு வேறு. அது மாதிரி இந்த ஐந்தும் எல்லாரிடமும் கூடவோ குறையவோ இருக்கின்றன. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னேனே, எளிதில் கலங்குவது, பயப்படுவது, கவலைப்படுவது, அதை உங்கள் நாலெழுத்துத் தேர்வு அளப்பதே இல்லை. அந்த நாலு எழுத்தில் பயத்துக்கு ஓர் எழுத்து கிடையாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தப் பயம்தான்.

ஏழாம் வகுப்பு மேடையைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். மைக்கைப் பார்த்தால் ஒதுங்குவதாகச் சொல்கிறீர்கள். அக்கா வீட்டில் விடிய விடியப் பேச்சு என்றும் சொல்கிறீர்கள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், மனிதர்களோடு இருப்பதே களைப்பு என்கிற ஒருவரின் கதையாக எனக்குத் தெரியவில்லை. 'மறுபடி சிரித்துவிட்டால்?' என்று 25 வருடமாக நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியின் கதையாகத்தான் தெரிகிறது. அகமுகமும் பயமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். இரண்டு பேருமே மூலை நாற்காலியில் உட்காருவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கூட்டம் முடிந்து வெளியே வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அகமுகமானவர் கூட்டம் நன்றாகவே நடந்திருந்தாலும் களைத்திருப்பார். வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தால் தேவலை என்றிருக்கும். மனசில் உறுத்தல் இருக்காது. பயத்தால் பேசாமல் இருந்தவருக்கு முதலில் 'அப்பாடா' என்றிருக்கும். அப்புறம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் 'அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கலாமே' என்று மனசு அரித்துக்கொண்டே வரும். உங்களுக்கு எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. இரண்டும் கலந்தும் இருக்கலாம், பலருக்கு அப்படித்தான் இருக்கிறது.

ஏன் இதை இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், களைப்புக்கு ஓய்வு கொடுத்தால் தீரும். பயத்துக்கு ஓய்வு கொடுத்தால் வளரும். 'நான் பேசவில்லை, விடுங்கள்' என்று ஒவ்வொரு தடவை மறுக்கும்போதும் கிடைக்கிறதே ஒரு நிம்மதி, அது அடுத்த தடவைக்கான பயத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போகிறது. அந்த நாலு எழுத்து ஆரம்பத்தில் உங்கள் காயத்துக்குக் கட்டுப் போட்டது. நல்லதுதான். இரண்டு வருடமாகியும் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். தான் அகமுகமானவர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நண்பர்களைக் குறைத்துக்கொண்டார், அலுவலகத்தில் தனியாகச் சாப்பிட்டார். எங்கெங்கே வாயடைத்துப் போகிறது என்று சில வாரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். எல்லாமே இங்கிலீஷில் பேச வேண்டியிருந்த இடங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை. தமிழில் அவர் பேச ஆரம்பித்தால் நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது பேச்சு ஆங்கில வகுப்பும் கொஞ்சம் தைரியமும். 'அகமுகம்' என்று பெயர் வைத்துவிட்டதால் அதைத் தேடவே அவருக்குத் தோன்றவில்லை.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் போதும். ஒரு நாளில் மூன்று நேரம், எங்கே இருந்தீர்கள், யாரோடு, பேசினீர்களா இல்லையா, உடம்பு எப்படி இருந்தது, முடிந்த பிறகு மனசு எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நெஞ்சு படபடத்தால் எழுதுங்கள், சும்மா அலுப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள். 'நான் இன்ட்ரோவர்ட்' என்ற சொல்லை மட்டும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். வில்லியம் ஃப்ளீசன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். ஒரு நாளில் பல தடவை, சில வாரங்களுக்கு, அந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மாணவர்களைக் குறிக்கச் சொன்னார். 2001இல் வந்த அந்த ஆய்வின்படி, ஒரே ஆள் காலையில் அமைதியும் மாலையில் கலகலப்புமாக மாறி மாறி இருப்பது சாதாரண விஷயம். ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்துக்குக் குறையாத வித்தியாசம் ஒரே ஆளின் நாட்களுக்குள்ளேயே இருந்தது. அதற்காக ஆளுமை என்று ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. பல வாரங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் அவரவர் சாயல் மாறாமல் நிற்கிறது. 'நான் யார்?' என்று கேட்டிருந்தீர்கள். விடிய விடியப் பேசுகிறவரும் நீங்கள்தான், மைக்கைக் கண்டு ஒதுங்குகிறவரும் நீங்கள்தான். எந்த இடம் எந்த ஆளை வெளியே அழைக்கிறது என்று அந்த நோட்டு சொல்லும்.

மாற முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் அது இருக்கிறது. முடியும், மெதுவாக. ஆளுமையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி பிறப்போடு வருவது என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மீதி அப்படியில்லை. பல வருடம் ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளை 2006இல் பிரெண்ட் ராபர்ட்ஸ் என்பவரும் அவர் குழுவும் சேர்த்துப் பார்த்தார்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் பொதுவாக மனிதர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது, மனம் கலங்குவது குறைகிறது. நாமாக முயன்றால்? 2019இல் நேத்தன் ஹட்சனும் சகாக்களும் 15 வாரம் ஒரு சோதனை செய்தார்கள். மாற விரும்பும் மாணவர்கள் வாரந்தோறும் சின்னச் சின்ன வேலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்வது மாதிரி. செய்து முடித்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது. தேர்ந்தெடுத்துவிட்டுச் செய்யாமல் விட்டவர்களுக்கு அது உதவவில்லை.

ஆகவே உங்களுக்கும் சின்ன வேலைகள்தான். காலையில் கிளையில் ஐந்தாறு பேர் கூடுவீர்களே, அங்கே முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் பேசுங்கள். நேரம் போகப் போகப் பயம் ஏறும், அதனால்தான் முதல் ஐந்து நிமிடம் என்கிறேன். அது பழகியதும் மண்டல அலுவலகக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி. அப்புறம் சுய உதவிக் குழுப் பெண்கள் கடனுக்கு வரும்போது, அவர்களுக்கு எழுந்து நின்று ஐந்து நிமிடம் விளக்குங்கள். குரல் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கும் குரலில் பேசி முடித்து, யாரும் சிரிக்கவில்லை என்று பார்ப்பதுதான் மருந்து. கூட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கமே வராத அளவுக்கோ, மூச்சு முட்டும் அளவுக்கோ பயம் இருந்தால் தனியாகப் போராட வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இந்தப் பயத்துக்கு நல்ல சிகிச்சை உண்டு. 25 வருடம் சுமந்ததை இன்னும் சுமக்க வேண்டியதில்லை.

பதவி உயர்வுக்கு விண்ணப்பியுங்கள். என் பதில் இதுதான், சுற்றி வளைக்கவில்லை. மாற்றல் வந்தால் மகனின் படிப்பு, மாமியாரின் உடல்நிலை, கணவரின் வேலை, இதையெல்லாம் உட்கார்ந்து பேசி வேண்டாமென்று முடிவெடுத்தால் அது நியாயமான முடிவு. ஓர் எழுத்தைக் காரணமாக வைத்து வேண்டாமென்பது நியாயமில்லை. அமைதியானவர் மேலாளராக முடியாது என்பதும் தவறு. 2011இல் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் அமெரிக்காவில் பீட்சா கடைகளை ஆராய்ந்தார்கள். ஊழியர்கள் தாங்களே யோசனை சொல்லி முன்வந்து வேலை செய்யும் கடைகளில், அமைதியான மேலாளர்களிடம் லாபம் அதிகம் இருந்தது. சொன்னால்தான் செய்வோம் என்றிருந்த கடைகளில் கலகலப்பான மேலாளர்கள் மேலாக இருந்தார்கள். உங்கள் கிளை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத்தான் தெரியும். நகைக்கடனை மீட்க முடியாமல் கண்ணீரோடு வந்து நிற்கும் விவசாயிக்குத் தேவைப்படுவது, முழுசாகக் கேட்கும் ஒரு மேலாளர். அது உங்களுக்கு நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

மகனுக்குத் தேர்வு வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தையிலிருந்து பிள்ளைகளைப் பல வருடம் கவனித்தார். புதிய பொம்மை, புதிய குரல் என்றாலே கை காலை உதறி அழுத குழந்தைகள் பின்னால் கூச்சமுள்ளவர்களாக ஆக வாய்ப்பு அதிகம் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லாருமே அப்படி ஆகிவிடவில்லை. பொத்திப் பொத்தி வைக்காமல், அதட்டாமல், மெல்ல மெல்லப் புதியதைப் பழக்கிய வீடுகளில் கூச்சம் குறைந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் பிள்ளை உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிவான். நீங்கள் சங்கடத்தோடு 'இவன் கூச்ச சுபாவம்' என்பீர்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உங்களை 'உம்மணாமூஞ்சி' என்று சொன்னவர்களும் வேண்டுமென்று புண்படுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள். 'கூச்ச சுபாவம்' என்பதற்குப் பதிலாக, 'பழகக் கொஞ்ச நேரம் எடுத்துக்குவான்' என்று சொல்லிப் பாருங்கள். அவன் வெளியே வர அதில் ஒரு வாசல் இருக்கிறது. அவன் முன்னால் நீங்கள் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினால் அது இன்னும் நல்லது.

கடைசியாக, உங்கள் கணவர். அவர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கும். ஆனால் 'நான் இன்ட்ரோவர்ட்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவருக்குப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை. அது ஒரு தீர்ப்பு மாதிரி விழுகிறது. அதே தேவையை ஒரு வேண்டுகோளாகச் சொல்லலாம். 'வங்கியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் என்னைத் தனியாக விடுங்கள், அப்புறம் வந்து உட்கார்ந்து பேசுகிறேன்' என்று சொன்னால் அவரால் அதைச் செய்ய முடியும். அவருக்கும் ஏதாவது வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

நாத்தனார் விஷயத்தை நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், குழந்தைக்கு மூன்று மாதம் என்று கணக்கும் வைத்திருக்கிறீர்கள். வளைகாப்புக் கூட்டம் முடிந்துவிட்டது, இப்போது அந்த வீட்டில் தாயும் பிள்ளையும் இன்னும் ஓரிருவரும்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போன் பண்ணிச் சொல்லிவிட்டு, மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். வளைகாப்புக்கு வராததற்கு எந்தக் காரணமும் சொல்ல வேண்டாம், 'வராமல் இருந்துட்டேன் அண்ணி, மனசுக்குக் கஷ்டமா இருந்தது' என்றால் போதும். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.